காமிக் கானுக்கு விருந்தினர் ஓவியராகப் போகும் முன்

கோவையிலிருந்து ஒரு இளம் ஓவியர் கேட்டிருக்கிறார்: "டேப்லெட்டில் காமிக்ஸ் வரைகிறேன். சொந்தச் செலவில் ஒரு சின்னப் புத்தகமும் போட்டிருக்கிறேன். வெளிமாநிலத்தில் நடக்கும் ஒரு காமிக் கான் (காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் விழா) என்னை விருந்தினர் ஓவியராக அழைத்திருக்கிறது. டேபிள், ஹோட்டல், பயணம் அவர்கள் பொறுப்பாம். பணம் பற்றிப் பேச்சே இல்லை. போகலாமா? என்னென்ன கேட்கலாம்? எவ்வளவு சரக்கு எடுத்துப்போவது? அங்கே போய் நான் என்னதான் செய்ய வேண்டும்?"

போங்கள். ஆனால் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி போகாதீர்கள். காலை பதினொரு மணிவாக்கில் கதவு திறந்தால் இரவு எட்டு வரை நிற்க வேண்டிய வேலை இது. மேடை, கைதட்டல் எல்லாம் அதில் ஒரு மணி நேரம்தான். மீதி நேரம் முழுக்க நீங்கள் ஒரு டேபிளுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். அந்த இரண்டு மூன்று நாள் நன்றாகப் போகுமா, எரிச்சலில் முடியுமா என்பது பெரும்பாலும் நீங்கள் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே, அமைப்பாளருக்கு எழுதும் பதில் மின்னஞ்சலில் தீர்மானமாகிவிடும். அதனால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் பணம். இந்தக் கூட்டங்களில் "கெஸ்ட்" என்று போஸ்டரில் போடப்படுகிறவர்கள் எல்லாரும் ஒரே வகை இல்லை. அமெரிக்காவின் பெரிய வணிகக் கான்களில் நடிகர்களுக்கு "கேரண்டி" என்று ஒரு குறைந்தபட்சத் தொகை பேசிவிடுவார்கள். ஆட்டோகிராஃபிலும் போட்டோவிலும் அந்தத் தொகை வசூலாகாவிட்டால் மிச்சத்தை அமைப்பாளர் தர வேண்டும். ஓவியர்களில் மிகப் பெரிய பெயர்களுக்குத்தான் அப்படி ஏதாவது உண்டு. மற்றவர்களுக்கு இலவச டேபிள், பயணம், தங்குமிடம், சில சமயம் சாப்பாட்டுப்படி. ரசிகர்களே சம்பளமில்லாமல் நடத்தும் அறிவியல் புனைகதை மாநாடுகளில், வேர்ல்ட்கான் உட்பட, கௌரவ விருந்தினருக்கும் செலவைத்தான் ஏற்பார்கள், சன்மானம் வழக்கமில்லை. ஆக, உங்களுக்கு வந்திருப்பது மட்டமான அழைப்பு இல்லை, நடைமுறையில் இருப்பதுதான்.

ஆனால் அந்தக் கணக்கு எப்போது சரிவரும்? டேபிளில் விற்பது முழுக்க உங்கள் பைக்கு வந்தால்தான். இதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்: விற்பனையில் அவர்களுக்குப் பங்கு உண்டா? இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு, உங்களிடம் விற்பனை தவிர்த்து வேறு வேலை எதிர்பார்க்கிறார்களா என்று பாருங்கள். ஒரு மணி நேரப் பயிலரங்கு, ஸ்பான்சரின் ஸ்டாலில் போய் நேரடியாக வரைந்து காட்டுவது, கதாபாத்திரங்களைப் போல வேஷம் போட்டு வரும் காஸ்பிளே போட்டிக்கு நடுவர் என்று ஒவ்வொன்றும் உங்களை டேபிளிலிருந்து எழுப்புகிற வேலை. ஒன்று செய்யலாம், மரியாதைக்கு. அதற்கு மேல் கேட்டால் தொகை கேட்பதில் தப்பே இல்லை. ஸ்பான்சருக்கான வேலை என்றால் கண்டிப்பாகக் கேளுங்கள். அங்கே அமைப்பாளர் காசு வாங்கிக்கொண்டுதான் உங்களை அனுப்புகிறார்.

பெரிய நடிகர்கள் வருகிற இடத்தில் ஓவியனை யார் மதிப்பார்கள் என்று சிலர் தயங்குவது தெரியும். இந்த மாதிரிக் கூட்டங்கள் தொடங்கியதே ஓவியர்களை நடுவில் உட்காரவைத்துத்தான். 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் வேர்ல்ட்கானுக்குக் கௌரவ விருந்தினர் எழுத்தாளர் இல்லை. பத்திரிகை அட்டைகளில் விண்கலங்களும் வேற்றுக்கிரக நகரங்களும் வரைந்த ஃபிராங்க் ஆர். பால். வந்திருந்தவர்கள் சுமார் இருநூறு பேர். 1970 ஆகஸ்டில் சான் டியேகோவில் ஒரு ஹோட்டலில் சுமார் முந்நூறு பேர் கூடியபோது வந்த விருந்தினர்களில் ஒருவர் காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி. அதுதான் இன்று லட்சத்துக்கு மேல் ஆட்கள் வரும் சான் டியேகோ காமிக் கான். நம் பக்கம் 2011இல் டெல்லி ஹாட் சந்தையில் தொடங்கிய காமிக் கான் இந்தியா 2024 பிப்ரவரியில்தான் முதல்முறையாகச் சென்னைக்கு, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஈரோடு புத்தகத் திருவிழாச் சமயத்தில் சந்தித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே வேஷமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. ஆனால் எந்த இதழில் எந்தப் பக்கம் நிறம் தப்பாக அச்சாகியிருந்தது என்று சொல்லும் ஆட்கள் உண்டு. அந்த மாதிரி ஆள் ஒருவர் உங்கள் டேபிளுக்கும் வருவார். அவர்தான் புத்தகம் வாங்குவார்.

சரி, மின்னஞ்சலுக்கு வருவோம். பயணச்சீட்டை அவர்கள் எடுப்பார்களா, நீங்கள் எடுத்துப் பிறகு பில் அனுப்ப வேண்டுமா? முடிந்தவரை அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு அமைப்பாளரிடமிருந்து என் ரயில் டிக்கெட் காசை வாங்குவதற்குள் அடுத்த வருட நிகழ்ச்சிக்கே அறிவிப்பு வந்துவிட்டது. ஹோட்டல் எத்தனை இரவு? சனி ஞாயிறு நிகழ்ச்சி என்றால் வெள்ளி மதியமே போய் டேபிள் போட வேண்டும். ஞாயிறு இரவு எட்டுக்கு மூடி, கட்டி முடிக்க ஒன்பதரை ஆகும். ஆகவே வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று இரவு. இரண்டு இரவு மட்டும் தந்துவிட்டு ஞாயிறு காலை அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். பெட்டியோடு அரங்கத்தில் நிற்பீர்கள். அறை தனியா, இன்னொருவரோடு பகிர வேண்டுமா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். உதவியாளருக்கு ஒரு பேட்ஜ் கட்டாயம் கேளுங்கள். தனியாகப் போனால் பாத்ரூம் போகக்கூட வழியில்லை.

டேபிளின் நீளம் என்ன, பின்னால் சுவர் உண்டா, பிளக் பாயிண்ட் உண்டா என்பவை சின்னக் கேள்விகளாகத் தெரியும். ஆனால் பின்னால் சுவரோ தடுப்போ இருந்தால் பிரிண்ட்களை, அதாவது உங்கள் ஓவியங்களின் அச்சுப் பிரதிகளை, ஒட்டித் தொங்கவிடலாம். இல்லாவிட்டால் நீங்களே ஒரு மடக்குச் சட்டம் கொண்டுபோக வேண்டும். அரங்கின் எந்த மூலை என்று ஒரு வரைபடம் கேட்டு வாங்குங்கள். மேடையின் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே டேபிள் கிடைத்தால் ஒருவர் பெயரைக்கூடக் காதில் வாங்க முடியாது. கேமிங் பகுதிக்குப் பக்கத்திலும் அதே கதைதான்.

இப்போது, இந்தப் பதிலிலேயே நான் முக்கியமாக நினைப்பது. அழைப்போடு சேர்த்து, "எங்கள் நிகழ்ச்சிக்கென்று பிரத்யேகமாக ஒரு படம் வரைந்து கொடுங்களேன்" என்று கேட்பார்கள். போஸ்டருக்கு, வருகிறவர்களுக்குத் தரும் பைக்கு, பேட்ஜுக்கு, டி-ஷர்ட்டுக்கு. சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் நம் காப்புரிமைச் சட்டம் (1957) இந்த இடத்தில் ஓவியருக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டதற்காக வரைந்த ஓவியத்துக்கு, வேறு மாதிரி உடன்பாடு எதுவும் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. அமெரிக்காவில் வெளியாள் ஓவியரிடம் எழுதி வாங்காமல் உரிமை கைமாறாது. நம் ஊரில் எழுதாமல் விட்டால் உங்களுக்குத்தான் நஷ்டம். இன்னொன்று: உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்தப் பகுதி என்று சொல்லாவிட்டால் இந்தியா முழுக்க என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும்.

அதனால் நான்கு வரி எழுதுங்கள், போதும். படத்தின் காப்புரிமை என்னுடையது. இந்த வருட நிகழ்ச்சியின் விளம்பரத்துக்கும் பைக்கும் மட்டும் பயன்படுத்தலாம். விற்பனைப் பொருளாக அச்சிட்டால் தனித் தொகை. நிகழ்ச்சி முடிந்த பிறகு அதே படத்தை நான் பிரிண்டாக விற்கலாம். இதை அவர்கள் "ஓகே" என்று பதில் போட்டாலே ஒரு பிடிமானம் கிடைக்கும், இரு தரப்பும் கையெழுத்திட்ட தாளாக இருந்தால் இன்னும் நல்லது. மறுப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். நல்ல அமைப்பாளர் யாரும் இதற்காக அழைப்பைத் திரும்பப் பெற்றதை நான் பார்த்ததில்லை. முகம் சுளிக்கிற அமைப்பாளர் என்றால், அவரைப் பற்றிப் போகும் முன்பே தெரிந்துகொண்டீர்கள்.

சரக்கு எவ்வளவு என்பதை எடையிலிருந்து தொடங்கி யோசியுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாளில் ஒரு ஏ3 பிரிண்ட் சுமார் 37 கிராம். நூறு பிரிண்ட் என்றால் மூன்றே முக்கால் கிலோ. பிளாஸ்டிக் உறையும் பின்னட்டையும் சேர்த்தால் ஐந்தைத் தொடும். உள்நாட்டு விமானத்தில் செக்-இன் பொதுவாக 15 கிலோ, கையில் 7 கிலோ. இதில் உங்கள் புத்தகம் வேறு இருக்கிறது. அறுபத்து நான்கு பக்கப் புத்தகம் நூறு பிரதி வைத்தாலே பெட்டி நிறைந்துவிடும். ரயிலில் போனால் இந்தக் கவலை பாதி குறையும். ஆனால் ஏ3 கட்டைப் படுக்கைக்கு அடியில் தள்ளும்போது மூலை மடங்கும், ஆகவே தாள் கட்டை இரண்டு ஹார்ட்போர்டுக்கு நடுவே வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். பெரிய பிரிண்ட்களைப் போகிற ஊரிலேயே ஒரு டிஜிட்டல் பிரஸ்ஸில் போடச் சொல்லி ஹோட்டலுக்கே வரவழைப்பது இன்னும் சுலபம். ஆனால் முதல் நாள் மதியத்துக்குள் கையில் வந்துவிட வேண்டும், நிறம் தப்பினால் மறுபடி போட நேரம் வேண்டுமில்லையா.

முதல்முறை போகிறவருக்கு என் கணிப்பு: பத்து டிசைனுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஏ4 இருபது, ஏ3 பத்து. ஸ்டிக்கர், புக்மார்க் தாராளமாக. முப்பது டிசைன் பரப்பினால் வருகிறவர் குழம்பி, "ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்" என்று நகர்வார். திரும்பி வர மாட்டார். ஐம்பது ரூபாய்க்கு ஏதாவது ஒன்று டேபிளின் முன் ஓரத்தில் இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் கையில் இருப்பது அவ்வளவுதான், டிக்கெட்டுக்கே வீட்டில் சண்டை போட்டு வாங்கியிருப்பார்கள். விலையைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். விலை தெரியாத பொருளை நம் ஆட்கள் கேட்பதற்குக் கூச்சப்பட்டே விட்டுவிடுவார்கள்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மிச்சத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். சொந்த மாநிலத்தில் விற்றால் பொருளுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் வேறு மாநிலத்தில் எப்போதாவது போய்க் கடை போட்டு விற்பவரை ஜிஎஸ்டி சட்டம் தனி வகையாகப் பார்க்கிறது. வரி உள்ள பொருளை விற்றால் அந்த வரம்பு அங்கே கைகொடுக்காது. 90 நாள் வரைக்குமான தற்காலிகப் பதிவு எடுக்க வேண்டிவரும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பிரிண்ட், ஸ்டிக்கர், கீசெயினுக்கு உண்டு. சில அமைப்பாளர்கள் இதற்கு ஏதாவது ஏற்பாடு வைத்திருப்பார்கள், சிலர் கண்டுகொள்ளவே மாட்டார்கள். எழுதிக் கேளுங்கள்.

டேபிள் போட்டாகிவிட்டது, கதவும் திறந்துவிட்டது. இனி என்ன செய்வது? எழுந்து நில்லுங்கள். தலையைக் குனிந்து வரைந்துகொண்டே இருக்கும் ஓவியரை யாரும் தொந்தரவு செய்ய விரும்ப மாட்டார்கள். போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நிலை இன்னும் மோசம். நிமிர்ந்து பார்த்து ஒரு "வாங்க, எடுத்துப் பாருங்க" போதும். அதற்கு மேல் விற்பனைப் பேச்சு வேண்டாம். புத்தகத்தைக் கையில் எடுத்தவரிடம் கதையை இரண்டே வரியில் சொல்லத் தெரிய வேண்டும். வீட்டிலேயே கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். "இது ஒரு மாதிரி ஃபேண்டஸி, கொஞ்சம் த்ரில்லர், அப்புறம் குடும்பக் கதையும்..." என்று இழுத்தால் புத்தகம் மெதுவாகக் கீழே போய்விடும்.

கூட்டம் ஏறினால் அரங்குக்குள் போன் சிக்னல் படுத்துவிடும். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டு வட்டம் சுற்றுவதை இருவரும் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். இரண்டு வெவ்வேறு வங்கிக் கணக்கின் க்யூஆர், வேறொரு நிறுவனத்தின் சிம் போட்ட இன்னொரு போன், சில்லறையாக ஆயிரம் ரூபாய்: இது மூன்றும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். பணம் வந்துவிட்டதா என்று உங்கள் போனில் பார்த்துத்தான் பொருளைக் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள்.

டேபிளில் நிற்கும்போது எல்லா ஊரிலும் ஒரு காட்சி தவறாமல் வரும். பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பெண் ஒன்று ஸ்கெட்ச் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கும், பின்னால் அம்மா. பெண் வாயே திறக்காது. அம்மா ஆரம்பிப்பார்: "தம்பி, இவ எப்பப் பார்த்தாலும் வரைஞ்சுக்கிட்டே இருக்கா. இதுல நிஜமாவே வருமானம் வருமா?" பின்னால் வரிசை நிற்கும். இருந்தாலும் இந்தக் கேள்விக்கு நேரம் கொடுங்கள், பூசி மெழுகவும் வேண்டாம். "வரும்மா, ஆனா பிரிண்ட் வித்து மட்டும் வராது. அனிமேஷன், கேம், புத்தக அட்டை, விளம்பரம்னு வேலை இருக்கு. நானும் மாசத்துல பாதி நாள் அதைத்தான் செய்யறேன்" என்பது என் வழக்கமான பதில். அப்புறம் பெண்ணிடம் திரும்பி, புத்தகத்தைக் காட்டச் சொல்லி, ஒரே ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் திட்டவட்டமாக ஏதாவது சொல்வேன்: "இந்தக் கை நல்லா வந்திருக்கு, ஆனா கால் தரையைத் தொடலை பாரு, நிழல் போட்டா நின்னுடும்." "சூப்பர், தொடர்ந்து வரை" என்பதைப் பிள்ளைகள் பள்ளியிலேயே நிறையக் கேட்டிருக்கிறார்கள்.

இனி ஸ்கெட்ச் கமிஷன். டேபிளிலேயே காசுக்கு வரைந்து கொடுப்பதில் நல்ல வருமானம் உண்டு, ஆளையும் தின்றுவிடும். கணக்குப் போடுங்கள்: மார்பளவு உருவம் ஒன்றுக்கு அரை மணி நேரம் என்றால், நடுவில் ஆட்களோடு பேசி, சில்லறை கொடுத்து, போட்டோவுக்கு நின்று, நிஜத்தில் ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு ஆறு, மிஞ்சினால் ஏழு. ஆகவே காலையில் ஏழு வரிகள் போட்ட ஒரு தாளை டேபிளில் வையுங்கள். பெயர், போன் நம்பர், என்ன உருவம், முன்பணம். ஏழும் நிரம்பினால் "இன்று முடிந்தது" என்று எழுதிவிடுங்கள். பாவம் பார்த்து எட்டாவது ஆளைச் சேர்த்தால், இரவு ஹோட்டல் அறையில் கட்டிலில் குந்தி வரைவீர்கள். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு எடுக்கவே வேண்டாம். அதைவிடச் சௌகரியமானது, இரண்டு வாரம் முன்பே இன்ஸ்டாகிராமில் அறிவித்து, வீட்டிலேயே வரைந்து, கானில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வது. அனுபவசாலிகள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்.

கையெழுத்து போடும்போது பெயரை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். காதில் கேட்டதை நம்பி எழுதினால் ஐஸ்வர்யா என்ற பெயரே பாதிப் பேருக்குத் தப்பாகிவிடும். கறுப்பு அட்டைக்கு வெள்ளி நிற பெயிண்ட் மார்க்கர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்குக் காசு வாங்குவதா? உங்கள் புத்தகத்தை வாங்கியவரிடம் வேண்டாம். அமெரிக்காவில் வேறொரு வழக்கம் உண்டு. சிஜிசி என்ற தரமதிப்பீட்டு நிறுவனத்தின் சாட்சி ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, அட்டையில் பெயர் எழுதாமல் வெறும் கையெழுத்து மட்டும் கேட்பார்கள். பிறகு அந்த இதழ் பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைக்கப்பட்டு மஞ்சள் லேபிளோடு அதிக விலைக்குப் போகும். அந்தக் கையெழுத்துக்கு ஓவியர்கள் பலர் தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள், வைப்பதும் நியாயம். பிரான்சில் இதற்கு நேர் எதிர். 1974இல் தொடங்கிய அங்குலேம் காமிக்ஸ் விழாவில், ஜனவரிக் குளிரில் வாசகர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள். ஓவியர் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு படமே வரைந்து கையெழுத்திட்டுத் தருவார், இலவசமாக. வாசகருக்குச் சுகம்தான். ஓவியருக்கு அது நாள் முழுக்கச் சம்பளமில்லாத வேலை என்று அங்கே வெகுநாளாகச் சச்சரவு உண்டு. உங்களுக்கு நான் சொல்வது, புத்தகத்துக்கு ஒரு சின்ன முகம், இரண்டு நிமிடத்தில் முடிகிற மாதிரி ஒன்றைப் பழகிவைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கேட்டால் கமிஷன் தாளைக் காட்டுங்கள்.

பிரபல சூப்பர்ஹீரோக்களையும் அனிமே பாத்திரங்களையும் வரைந்து விற்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அது நன்றாக விற்கும். அனுமதி இல்லாமல் விற்பது சட்டப்படி மீறல்தான். நிறுவனங்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் இருக்கின்றன, அவ்வளவே. சாதாரண டேபிள்காரர் செய்வதற்கும் போஸ்டரில் பெயர் போட்ட விருந்தினர் செய்வதற்கும் வித்தியாசம் உண்டு. பக்கத்து ஸ்டாலிலேயே அந்தப் பாத்திரத்தின் உரிமைக்காரர் உட்கார்ந்திருக்கக்கூடும். உங்களை அழைத்தது உங்கள் சொந்தக் கதைக்காக. டேபிளில் முக்கால் பங்காவது அதுவே இருக்கட்டும். ஏஐ கொண்டு உருவாக்கிய படத்தை வைக்கவே வைக்காதீர்கள். பல கான்களில் ஓவியர் பகுதிக்கான விதியிலேயே தடை இருக்கிறது. விதி இல்லாத இடத்திலும் சக ஓவியர்கள் உங்களோடு பேச மாட்டார்கள்.

மேடை நிகழ்ச்சிக்கு அதிகம் தயாராக வேண்டாம். உங்கள் லேப்டாப்புக்கான எச்டிஎம்ஐ இணைப்பானை நீங்களே கொண்டுபோங்கள், அங்கே இருப்பது பொருந்தாது. படங்களை ஒரு பென்டிரைவில் பிடிஎஃப் ஆகவும் வையுங்கள். பேசுவதைவிட வரைந்து காட்டினால் கூட்டம் கலையாது. ஒரு பக்கம் எப்படி உருவாகிறது என்பதை, கிறுக்கலில் தொடங்கி முடிவு வரை நான்கு கட்டமாகக் காட்டுங்கள். முடிக்கும்போது டேபிள் எண்ணைச் சொல்ல மறக்காதீர்கள். மேடையிலிருந்து நேராக டேபிளுக்குப் போங்கள். அடுத்த இருபது நிமிடம்தான் அந்த நாளிலேயே அதிகம் விற்கும் நேரம். அந்நேரம் பத்திரிகைக்காரரோ யூடியூபரோ இழுத்தால், "டேபிளுக்கு வாங்க, அங்கேயே பேசலாம்" என்று சொல்லிவிடுங்கள். பின்னணியில் உங்கள் படங்களும் வரும்.

பிற்பாடு வெளிநாட்டு அழைப்பும் வரலாம் என்பதால் இரண்டு வார்த்தை. அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசாவில் போய், டேபிள் போட்டு விற்றுக் காசு வாங்கினால் அது வேலை செய்ததாகக் கருதப்படலாம். எல்லையிலேயே திருப்பி அனுப்பவும் வாய்ப்புண்டு. எந்த விசா, யார் மனு போடுவது என்பதை அழைப்பவர் சொல்ல வேண்டும், அவருக்கே தெரியாவிட்டால் போகாதீர்கள். சன்மானம் உண்டென்றால் வெளிநாட்டவருக்கு அங்கே வழக்கமாக 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். பிரிட்டனில் 2024 ஜனவரி 31 முதல், முன்கூட்டியே பேசிவைத்த, பணம் பெறும் குறுகியகால நிகழ்ச்சிகள் சிலவற்றைச் சாதாரண வருகையாளர் விசாவிலேயே, இறங்கிய 30 நாளுக்குள் செய்ய முடிகிறது. ஆனால் மேடையில் பேசுவது வேறு, பொதுமக்களுக்குப் பொருள் விற்பது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம். அரங்கில் சாப்பாடு விலையும் அதிகம், வரிசையும் நீளம். இட்லியோ சப்பாத்தியோ காலையிலேயே கட்டி எடுத்துவந்தால் மதியம் டேபிளுக்குக் கீழே குனிந்து சாப்பிட்டுவிடலாம். பசையான கையோடு பிரிண்டைத் தொடாமலிருக்க ஈரத்துடைப்பான். தொண்டைக்கு மிளகு மிட்டாய். கான் முடிந்த வாரம் காய்ச்சலில் படுப்பது உலகம் முழுக்க ஓவியர்களுக்கு நடக்கிறது. மூடிய அரங்கில் ஆயிரக்கணக்கானோரோடு மூச்சுவிட்டால் வேறென்ன ஆகும். கூட்டம் நெருக்கும் நேரத்தில் முகக்கவசம் போடுவதில் வெட்கமில்லை. தரை சிமெண்ட், நல்ல ஷூவும், காலுக்கடியில் போட ஒரு மிதியடியும் எடுத்துப்போங்கள். மணிக்கட்டு வலிக்கத் தொடங்கினால் கமிஷன் தாளை மூடிவிடுங்கள்.

உங்களுக்கென்று ஒரு தன்னார்வலரை ஒதுக்கியிருப்பார்கள், பெரும்பாலும் கல்லூரி மாணவர். அமைப்பாளர் போனை எடுக்காத நேரத்தில் நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவருவது அவர்தான். பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள், கடைசி நாள் அவருக்குப் பிடித்த பிரிண்டை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்து டேபிள் ஓவியரிடமும் முதல் நாளே பேசிவிடுங்கள். நீங்கள் எழுந்து போகும்போது உங்கள் கடையை அவர் பார்த்துக்கொள்வார், அவருடையதை நீங்கள். அடுத்த அழைப்பு எனக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட பக்கத்து டேபிள்காரர்கள் வழியாகத்தான்.

ஞாயிறு இரவு கட்டும்போது எந்த டிசைன் எத்தனை மீந்தது என்று எண்ணி எழுதிவிடுங்கள், வீட்டுக்குப் போய் எழுதலாம் என்றால் நடக்காது. மீந்த ஏ3 கட்டுகளை ஹோட்டலிலிருந்தே கூரியரில் அனுப்பிவிட்டு, ஒரு பையோடு ரயில் ஏறுங்கள். செலவுக்கான பில்களைத் திங்கட்கிழமையே அமைப்பாளருக்கு அனுப்புங்கள். அந்த வாரம் தாண்டினால் அவர்கள் அடுத்த ஊர் நிகழ்ச்சிக்குப் போய்விடுவார்கள். ஏதாவது தொகை தந்து அதில் டிடிஎஸ் பிடித்திருந்தால், அதற்கான சான்றிதழையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.